இரண்டு பேர் ஓட்டிய பெருச்சாளி

"அந்தக் கண்ணாடிப் பூதத்தைச் சாப்பாட்டு மேஜையில வச்சுட்டா நான் தட்டை எங்கடா வைக்கிறது, உன் தலையிலயா?"

அக்கா கேட்டது முதல் மாடியில். காதில் வாங்கியது மூன்று மாடிகளும், எதிர்வீட்டு வாசலும். தம்பியும் லேசுப்பட்டவர் இல்லை. அது பூதமில்லை மானிட்டர், பதினேழு அங்குலம், அந்தக் காலத்தில் மேனேஜர் அறையில் மட்டும்தான் இப்படி ஒன்று இருக்கும் என்று அவரும் குரலை ஏற்றினார். மேனேஜர் எங்கே வைத்துச் சாப்பிட்டார் என்று அக்கா கேட்டாள். கீழ்வீட்டில் யாரோ சிரித்தது மாடிவரை கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வர்றது உன் பொண்ணு. உன்னைப் பாக்க வர்றா. பெட்டியப் பாக்க வரல."

"பெட்டியே அவளுக்காகத்தான்கா."

"அவ கேட்டாளா?"

ஸ்குரூ டிரைவர் ஒன்று தரையில் உருண்டது மட்டும் கேட்டது.

விஷயம் தெருவுக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்பது நாகரிகமில்லை. தம்பிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பல்செட்டுக்காரர் என்றால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, இவர் ஒரு லேபில் உட்கார்ந்து பல் கட்டிக் கொடுப்பார். கை அப்படிச் சுத்தம். ஒரே குறை, போன பல்லைக் கேட்டால் அதைவிட நல்ல பல்லாகப் பார்த்து வைத்துவிடுவார். அறுபது வருஷம் கோணல் பல்லோடு சிரித்த மனிதர் ஒருவர் முத்துப்போல வரிசைப் பல்லோடு வீட்டுக்குப் போனதும், கட்டின மனைவியே "யாருங்க வேணும்?" என்று கேட்டாளாம். திரும்பி வந்து முறையிட்டவரிடம், "முன்ன இருந்ததுக்கு இது நல்லாத்தானே இருக்கு?" என்று இவர் கேட்டதாகச் சொல்வார்கள்.

இவர் மனைவி பதின்மூன்று வருஷத்துக்கு முன் ஒன்பது வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். காரணமாகத் தெரு கையில் வைத்திருப்பது நான்கைந்து. அவற்றில் நம்பும்படியானது, இரண்டு வருஷமாக அவள் என்ன சொன்னாலும் இவர் "ம்" என்று மட்டும் பதில் சொன்னார் என்பது. பிறகு அவள் ஒரு டிரைவிங் ஸ்கூல்காரரைக் கட்டிக்கொண்டாள். பெண் முதலில் வாராவாரம் வந்தாள், அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் போனில் மட்டும். புருஷனை இழந்து தனியாக இருந்த அக்கா, தம்பிக்குத் துணையாக வந்து சேர்ந்தாள். யாருக்கு யார் துணை என்பது இன்றுவரை தீராத வழக்கு.

அந்த ஒன்பது வயதுக்கு முன்னால் அப்பனுக்கும் மகளுக்கும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மூடிப்போன இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து வந்த, டீ நிறத்துப் பெட்டி. பாட்டுக்கு வழியில்லை, எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் போடும். அதில் ஒரே ஒரு விளையாட்டு. மண்ணைத் தோண்டிக்கொண்டு போகிற ஒரு பிராணி, பாம்புகளிடம் மாட்டாமல் வைரங்களைப் பொறுக்கவேண்டும். இவர்கள் அதற்குப் பெருச்சாளி என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஆள் ஆடுகிற ஆட்டத்தை இவர்கள் இரண்டு பேராக ஆடினார்கள். இடம், வலம் அவள் விரலில். மேல், கீழ் இவர் விரலில்.

பெட்டியோ பலவீனம். திரையில் மூன்று பாம்புக்கு மேல் வந்தால் அதற்கு மூச்சு வாங்கும். எல்லாம் திக்கித் திக்கி நகரும். அந்தத் திக்கலுக்குள்தான் "கீழ போப்பா", "இரு, அவன் போகட்டும்" என்று யோசனை நடக்கும். யோசனை முடிந்தும் நேரம் மிஞ்சினால், பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த டீச்சருக்கு மீசை இருக்கிறது என்கிற செய்திகளும் வரும். வீட்டில் வேறு யாரிடமும் "ம்" தவிர எதுவும் சொல்லாத மனிதர், பெருச்சாளி ஓட்டும்போது மட்டும் கேள்வி கேட்பார். பதினோராவது கட்டத்தை அவர்கள் தாண்டியதே இல்லை. தாண்டவேண்டும் என்று பெரிதாக ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. ஸ்கேன் சென்டரில் வேலை. கல்யாணம் நிச்சயமாகி, பதிவு அலுவலகத்தில் நாள் வாங்கியாகிவிட்டது. அப்பா என்று பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போடப்போவது யார் என்பதுதான் பாக்கி. வளர்த்தவர் போடட்டும் என்றாளாம் அம்மா. மகள் அத்தைக்குப் போன் செய்து, அப்பாவோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். அக்கா அதை அப்படியே தம்பியிடம் சொல்லிவிட்டாள். சொன்னது சரியா தப்பா என்று தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி.

தம்பி மகளிடம் என்ன பேசலாம் என்று யோசிக்கவில்லை. எந்த பிராசஸர் போடலாம் என்று யோசித்தார்.

பழைய பெட்டி பால்கனியில்தான் கிடந்தது. உள்ளே பேட்டரி கசிந்து, போர்டெல்லாம் பச்சை பூத்துச் செத்துப்போயிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் பொறுமைசாலி, மனைவி இல்லாதவர், எதையும் துடைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அவர் உள்ளே போய் அதே டீ நிறத்தில், அதே அளவில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"உங்க பெட்டியோட கூடப் பொறந்தது மாதிரி இருக்கு பாருங்க சார். சுவிட்சைப் போட்டா ஓடுது."

இவர் சிரித்தார். "இதுவா? மூணு பாம்பு வந்தா முக்கும்."

கடைக்காரருக்குப் பாம்பு விவகாரம் புரியவில்லை, புரிந்தமாதிரி தலையாட்டினார். இவர் மனதில் இருந்தது வேறு. அந்த நாளில் ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஒரு பெட்டி. தினமும் லேபுக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டு, வாங்க வழியில்லாமல் நகர்ந்துபோன பெட்டி. மகளுக்கு அதைத்தான் கொடுத்திருக்கவேண்டும் என்று பதின்மூன்று வருஷமாக ஒரு எண்ணம். கொடுத்திருந்தால் அவர்கள் போயிருக்கமாட்டார்கள் என்றுகூட நினைத்தாரோ என்னவோ, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு வாரம் வேலை நடந்தது. கிடைத்த சாமானைக் கடைக்காரரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார், மற்றதற்கு இவர் அலைந்தார். வேகமான பிராசஸர் ஒரு இடத்தில், போர்டு வேறொரு இடத்தில். சவுண்ட் கார்டுக்காக இரண்டு பஸ் மாறிப் போய், மூன்றைப் போட்டுக் கேட்டு, இரைச்சல் இல்லாத ஒன்றாகப் பொறுக்கிவந்தார். சிப்புகளின் ஒவ்வொரு காலையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். மஞ்சள் பாய்ந்த பிளாஸ்டிக்கை, டாக்டர்கள் பல் வெளுக்க வைத்திருக்கும் அதே மருந்தைத் தடவி வெயிலில் காயவைத்தார். கொடியில் துணி போட இடமில்லை, கம்ப்யூட்டர் காய்கிறது என்று அக்கா தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

புதுப் பெட்டியின் வேகத்தில் பெருச்சாளி கண்ணுக்கே தெரியாமல் ஓடியது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். வேகத்தைக் குறைக்கிற சின்ன புரோகிராம் ஒன்றைப் போட்டு, ஆட்டத்தைச் செய்தவர்கள் எந்த வேகத்தை நினைத்துச் செய்தார்களோ, மிகச் சரியாக அந்த வேகத்துக்குக் கொண்டுவந்தார். திக்கல் இல்லை, முக்கல் இல்லை, வெண்ணெயில் கத்தி. தினமும் மாலை லேபிலிருந்து வந்து, நான்கு விசையும் ஒரே கைக்குள் அடங்க, தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். பதினொன்றைத் தாண்டினார். பத்தொன்பதுவரை போனார். பத்தடி தூரத்தில் அடுப்படியில் அக்கா நின்றாள். இரண்டு நிமிஷம் வந்து இடமும் வலமும் அழுத்து என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிடத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மகள் வந்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, "நல்லா இருக்கீங்களாப்பா?" என்றாள். முன்பெல்லாம் அவளுக்கு அப்பா 'நீ'தான். அவர் அதைக் கவனித்தார். கவனித்தவர் வாயைத் திறந்து, "முதல்ல சத்தத்தைக் கேளு" என்றார்.

கேட்டாள். பெருச்சாளிக்குப் பின்னால் ஒரு வாத்தியக் கோஷ்டியே வாசித்தது.

"கீச்சுக் கீச்சுன்னு ஒண்ணு வருமே, அது எங்கப்பா?"

"அது ஒரு சத்தமா? கார்டு இல்லாததால வந்தது. இதான்மா நிஜமான பாட்டு. நாம கேட்டதே இல்ல."

அவள் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கேட்காமலே விரல்கள் இடத்துக்கும் வலத்துக்கும் போயின. அதைப் பார்த்த அக்கா கரண்டியோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். பதின்மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு நிமிஷம் வந்ததில்லை என்று பிறகு அவள் எத்தனை பேரிடம் சொன்னாளோ.

அந்த நிமிஷம் ஒரு நிமிஷம்தான். "கீழ" என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் பாம்பு வந்துவிட்டது. மறுபடி தொடங்கினார்கள். "இரு" என்று இவர் சொன்னபோது இருக்க நேரமில்லை. மூன்றாவது தடவை முட்டிக்கொண்டது பெருச்சாளியா இவர்கள் விரல்களா என்று தெரியவில்லை. மகள், "நமக்கு மறந்துபோச்சு போலப்பா" என்றாள். அவள் 'நமக்கு' என்றது அவர் காதில் விழவில்லை.

"நீ கையை எடும்மா. நான் ஓட்டிக் காட்டுறேன். பதினொண்ணுக்கு அப்புறம் என்ன வருதுன்னு பாரு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஓட்டினார். பன்னிரண்டில் தண்ணீர் வரும், பதினான்கில் பாலம் வரும் என்று திரையைப் பார்த்தே விளக்கினார். பின்னாலிருந்து "ஓ", "அப்படியா" என்று வந்துகொண்டிருந்தது. பிறகு "ம்" வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. பத்தொன்பதை முடித்து, "பாத்தியா?" என்று திரும்பினால் நாற்காலி காலி. அடுப்படியில் தட்டு துடைக்கும் சத்தம். எழுந்து போனவர் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"யாரைக் கட்டிக்கிறேன்னுகூட அப்பா கேக்கல அத்தை," என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. "அம்மா வீட்ல அவரு எனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுத்தப்போ பக்கத்து சீட்ல பிரேக்ல கால வச்சுக்கிட்டு, ஊர்க்கதை எல்லாம் கேப்பாரு. நான் பேசிக்கிட்டே ஓட்டுவேன்."

அக்கா துடைத்த தட்டையே மறுபடி வாங்கித் துடைத்தாள்.

சாப்பிட்டார்கள். பூதம் ஒரு பாதியிலும் தட்டுகள் மறுபாதியிலுமாக மேஜை நிறைந்திருந்தது. மாப்பிள்ளை என்ன வேலை என்று அக்காதான் கேட்டாள். பாலம் கட்டுகிற கம்பெனியில் என்று மகள் சொன்னாள். பதினான்காவது கட்டத்துப் பாலத்தைப் பற்றி இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கிளம்பும்போது மகள், "பெட்டி ரொம்ப நல்லா வந்திருக்குப்பா" என்றாள். அவர் படிவரை போய், அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றார்.

அவருக்கு உறைத்தது செவ்வாய்க்கிழமை, யாருடைய கடைவாய்ப் பல்லுக்கோ மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது. மெஷினை நிறுத்திவிட்டு லேபின் வாசலில் நின்று போன் செய்தார்.

"வேகம்தாம்மா தப்பாப்போச்சு. அந்தப் பழசு மெதுவா ஓடினதாலதான் ரெண்டு பேரும் ஓட்ட முடிஞ்சுது. நான் சரியான வேகத்துல வச்சுட்டேன். கொறைச்சுடலாம், ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அடுத்த ஞாயிறு வா."

"வேகம் இல்லப்பா," என்றாள். பிறகு, எழுதிவைத்துப் படிப்பதுபோல மெதுவாக, கையெழுத்து என்னை வளர்த்தவரே போடட்டும் என்று முடிவு செய்துவிட்டேன், நீங்கள் கட்டாயம் வரவேண்டும், முன்வரிசையிலேயே இடம் வைக்கச் சொல்கிறேன் என்றாள். இவர் "ம்" என்றார். வேறு ஏதாவது சொல்லவேண்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம். அவள் வைத்த பிறகும் நின்றாராம். லேபில் வேலை செய்கிறவர்கள் சொன்னது.

கல்யாணத்துக்குப் போனார். இஸ்திரி போட்ட சட்டை, முன்வரிசை. மூன்றே நிமிஷத்தில் கையெழுத்து முடிந்தது. மாப்பிள்ளைக்கு வேறு நாட்டில் வேலை மாற்றமாகி, மாதம் திரும்புவதற்குள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூலை விற்றுவிட்டு அம்மாவும் அவரும் கடற்கரைப் பக்கம் குடிபோனார்கள்.

தெரு எதிர்பார்க்காதது ஒன்றுதான். ஏழு வாரமும் சாமான் கொண்டுவந்து கொடுத்த பழைய சாமான் கடைக்காரர், வேலை முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தொரு வயதில் அக்கா அவரைக் கட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போனாள். அன்றைக்கு மூக்கில் விரலை வைத்தவர்கள் எல்லோரும் அவள் மூட்டை முடிச்சைத் தூக்கிக் கொடுக்கவும் வந்தார்கள். தம்பியையும் கூடவே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. வீட்டைக் காலி செய்து, லேபுக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைக்குப் போய்விட்டார். முதல் மாடியில் இப்போது ஒரு புதுத் தம்பதி இருக்கிறார்கள். சண்டை போடுகிறார்கள், ஆனால் ஒன்றும் சரியாகக் கேட்பதில்லை.