நாற்றம் எழுதிய நோட்டு

சிப்காட் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் தொட்டி கழுவும் கான்ட்ராக்ட் கூலி கொளஞ்சியப்பன். நாற்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவன். பழகிய கை சும்மா இருக்கவில்லை. என்றைக்கு, எந்தக் காற்றில், என்ன நாற்றம் என்று இரண்டு வருடமாக ஒரு நோட்டில் எழுதிவந்தான்.

‘12.8.2008. கடல்காத்து. அழுகுன முட்ட. செல்லாயிக்கு வாந்தி.’

செல்லாயி அவன் பெண்டாட்டி.

சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கும் தில்லைநாதன் சார், ஊருக்கு வந்தபோது அந்த நோட்டைப் பார்த்துவிட்டார்.

“புள்ளைங்க இதப் படிக்கணும் கொளஞ்சி. நாளைக்கிக் கம்பெனி நடத்தப் போறவங்க அவுங்கதான்.”

“குடுக்கறேன் சார். நான்தான்னு தெரியக் கூடாது. கேட் பாஸைப் புடுங்கிடுவானுங்க.”

“கம்ப்யூட்டர்ல அடிச்சித்தான் காட்டுவேன். நம்புங்க.”

நம்பினான். வகுப்பைப் பார்க்க வரச் சொன்னதும் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் முன்வரிசை விருந்தாளியின் முதுகைக் கண்டான். அவனுடைய கம்பெனி மேனேஜர்.

திரையில் விழுந்தது கம்ப்யூட்டர் எழுத்தல்ல. அவன் கையெழுத்து. கோடு தாண்டிச் சாயும் அதே எழுத்து. அவன் பேர் இருந்த இடத்தில் மட்டும் தாள் ஒட்டியிருந்தது. கம்பெனி ரிஜிஸ்டரில் மற்ற நாற்பது கூலியாளும் கைநாட்டு. எந்தத் தொட்டி கழுவினேன் என்று தினம் எழுதுகிறவன் அவன் ஒருவன்தான். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இலக்கியா என்ற மாணவி எழுந்தாள். “சார், வாந்தி எடுத்த அந்தம்மா இப்ப எப்பிடி இருக்காங்க?”

“அது பரீட்சைக்கு வராதும்மா.”

வகுப்பே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

வெளியே சாரை மறித்தான். “அடிச்சிக் காட்டறேன்னீங்களே சார்?”

“ஒரிஜினல்னாத்தான் புள்ளைங்க நம்புதுங்க. பேரத்தான் மறைச்சிட்டேனே! மேனேஜரு நம்ம லேபுக்கு மிஷின் தர்றாரு. நீங்க எதாவது பேசிக் கெடுத்துடாதீங்க.”

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் கான்ட்ராக்டர் ராமாமிர்தம் கையை நீட்டித் தடுத்தார்.

“ஒம் பாஸு ஆபீசுக்குப் போயிடிச்சி மச்சான். எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளே இனிமே வாணாம்ங்கறாரு மேனேஜரு. அப்பிடி என்னாய்யா எழுதித் தொலைச்ச?”

திரும்பி நடந்தான். பாதி வழியில் கடல் காற்று முகத்தில் அடித்தது. அதே அழுகிய முட்டை. பழக்கத்தில் கை சட்டைப் பையில் பேனாவைத் தொட்டது.

நோட்டு சிதம்பரத்தில் இருந்தது.