ஒரு வயது ரொட்டி

அன்று காலை நான் சுட்ட ரொட்டிக்கு, அடுப்பை விட்டு இறங்கும்போதே ஒரு வயது ஆகியிருந்தது. இதை எனக்குச் சொன்னவர் ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தின் ஸ்டோர் மேடம். அந்தம்மா சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் ஃபோனில் சத்தம் போடவில்லை. விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்ததே அதனால்தான்.

“ரொட்டி வந்து சேர்ந்துச்சு. லேபிள்ல தயாரிச்ச தேதி போன வருஷம்னு போட்டிருக்கு. ரெண்டு பேரும் கொஞ்சம் நேர்ல வர்றீங்களா?”

எங்கள் பேக்கரியில் மாவு என் இலாகா. லேபிள் என் வீட்டுக்காரரின் இலாகா. கையில் ஒட்டிய மாவோடு மூலையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால், திரையை முதுகால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்து உட்கார வேண்டிய மனிதர் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

“என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?”

“போயிட்டே பேசலாம்,” என்றார். போகிற வழியெல்லாம் வாயே திறக்கவில்லை.

அவர் முன்பு ஒரு துணி மில்லின் கிடங்கில் வேலை பார்த்தவர். மில்லை மூடியபோது, அவர் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். குழந்தையைத் தூக்கி வருவதுபோல் அதை மார்போடு அணைத்துக்கொண்டு என் கடைக்குள் நுழைந்தார். ஆரம்பத்தில் மாவு பிசைந்து பார்த்தார். அவர் பிசைந்த மாவு எழுந்திருக்க மறுத்துவிட்டது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பிஸ்கட்டைக் கரியாக்கிவிட்டு, “கொஞ்சம் சிவந்துடுச்சு” என்றார். கடைசியில் அந்தக் கம்ப்யூட்டரோடு ஒரு லேபிள் அச்சடிக்கும் மெஷினை இணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்த மூலை அவருடைய ராஜ்ஜியம்.

உண்மையைச் சொல்ல வேண்டும், லேபிள்கள் அழகு. ரொட்டிக்கு ஒன்று, பன்னுக்கு ஒன்று, ரஸ்குக்கு ஒன்று. ஓரத்தில் கோதுமைக் கதிர் அவரே வரைந்தது. அன்றைய தேதியைக் கம்ப்யூட்டரே பார்த்துப் போட்டுக்கொள்ளும். விசைப்பலகைமேல் மாவு படக்கூடாதென்று, நான் மாவு மூடி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சுற்றி வைத்திருந்தார். இடுக்கில் தூசி தட்ட, பன்மேல் முட்டை பூசும் என் பிரஷ்களில் ஒன்றைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். நானும் போனால் போகிறதென்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி ஸ்டோரில் எங்கள் ரொட்டிக் கூடைகள் அத்தனையும் மேஜைமேல் அடுக்கியிருந்தன. மேடம் ஒரு ரொட்டியை எடுத்து எங்கள் முன்னால் வைத்து விரலால் அமுக்கினார். அது அமுங்கி, மெல்ல மேலே வந்தது.

“ஒரு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச ரொட்டி. மூணு நாள்ல சாப்பிட்டு முடிக்கணும்னு நீங்களே போட்டிருக்கீங்க. ஆனா பஞ்சு மாதிரி இருக்கு. அப்படி என்னம்மா இதுல கலக்கறீங்க?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் ரொட்டியைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் வெண்ணெய். வேற எதுவும் கிடையாது மேடம். விடியக்காலம் சுட்டது. பிச்சுப் பாருங்க, நடுவுல இன்னும் சூடுகூட ஆறியிருக்காது!”

“அந்தச் சூடுதாம்மா எனக்கு இன்னும் பயமா இருக்கு,” என்றார் மேடம்.

நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். “அவ மேல தப்பில்ல மேடம். நான்தான் கம்ப்யூட்டர்ல வருஷத்தைப் பின்னாடி தள்ளி வச்சேன்.”

“எதுக்கு?”

“கொஞ்ச நாளா ஒரு அறிவிப்பு வந்துட்டே இருந்துச்சு. இந்தச் சிஸ்டம் பழசாயிடுச்சு, இனிமே கம்பெனி சப்போர்ட் கிடையாதுன்னு. கெடு முடிஞ்சதும் நேத்து சாயங்காலம் திரை முழுக்க வந்து நின்னுடுச்சு. வருஷத்தைக் குறைச்சுப் பார்த்தேன், போயிடுச்சு. தேதி சரி, மாசம் சரி, வருஷத்தை எவன் பார்க்கப் போறான்னு விட்டுட்டேன். லேபிளும் அதைப் பார்த்துத்தான் அடிக்கும்னு அப்போ மண்டையில உறைக்கல.”

“வீட்டுல சொல்லியிருக்கலாமே?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சொன்னா அதைத் தூக்கிப் போட்டுட்டு ஃபோன்லயே லேபிள் அடிச்சுக்கலாம்பாங்க. இவ தங்கச்சி ஏற்கெனவே சொல்லிட்டா. மாவு எனக்கு வராது. அடுப்பு எனக்கு வராது. இந்தக் கம்ப்யூட்டரும் போச்சுன்னா அந்தக் கடையில எனக்கு என்ன வேலை மேடம்?”

எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக வாழ்கிறோம், என்னிடம் சொல்லாததை இந்த மனிதர் ஸ்டோர் மேடத்திடம் போய்ச் சொல்கிறாரே!

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கிழிச்சுட்டு வேற லேபிள் ஒட்டித் தர்றோம்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஏமாத்தறவங்க பண்ற வேலை அது. இதையெல்லாம் எடுத்துட்டுப் போங்க. மதியத்துக்கு நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புது ரொட்டி, புதுசா அடிச்ச லேபிளோட சாயங்காலத்துக்குள்ள வரணும். வந்தா பழையபடி உங்ககிட்டயே வாங்கறேன். வரலைன்னா வேற கடை பார்த்துக்குவேன், தப்பா நினைக்காதீங்க.”

எங்கள் அடுப்பில் பாதி எரிவதே அந்த ஆஸ்பத்திரிக்காகத்தான். கூடைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தோம்.

நான் மாவில் கைவைத்தேன். அவர் ரிப்பேரக்காவுக்கு ஃபோன் போட்டார். ரிப்பேரக்கா எங்கள் தெருக்கோடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவார், வந்ததும் திட்ட ஆரம்பிப்பார்.

“முதல்ல வருஷத்தைச் சரி பண்ணுங்க,” என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் ஊசி போட்டுக்கொள்கிறவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருஷத்தை மாற்றினார். உடனே அந்த அறிவிப்பு திரை முழுக்க வந்து நின்றது. ரிப்பேரக்கா கீழ் மூலையில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை அமுக்கினார். அது போய்விட்டது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். படிச்சுப் பார்த்திருந்தா நீங்களே அமுக்கியிருப்பீங்க. சப்போர்ட் முடிஞ்சா மெஷின் செத்துடாதுங்க. இனிமே இதுல ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் வர மாட்டாங்க, அதான் விஷயம். பூட்டு கெட்டுப்போன வீடு மாதிரி. உள்ள படுத்துத் தூங்கலாம், நகையை வைக்கக் கூடாது. இதுல பேங்க், மெயில் எல்லாம் பார்க்கறீங்களா?”

“பார்ப்பேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்துதான் எதுவும் திறக்கல. நெட் சரியில்லன்னு நினைச்சேன்.”

“நெட் நல்லாத்தான் இருக்கு. போன வருஷத்துல உட்கார்ந்துக்கிட்டு இந்த வருஷத்துக் கதவைத் தட்டினா யாரு திறப்பாங்க?”

மாவு பிசைந்துகொண்டே நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் முறைத்தார்.

ரிப்பேரக்கா மெஷினைத் திறந்து பார்த்து, புதுச் சிஸ்டம் இதில் ஏறாது என்றார். “இதுல லேபிள் மட்டும் அடிங்க. நெட் வயரைப் பிடுங்கிடறேன். பேங்க், மெயிலுக்கு வேற மெஷின் வேணும். உங்க பொண்ணு வெளியூர் வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போன லேப்டாப் இருக்குல்ல, அதுல காசில்லாத சிஸ்டம் ஒண்ணு போட்டுத் தர்றேன், லினக்ஸ்னு. அதுக்கு இன்னும் பல வருஷம் கவனிப்பு இருக்கு. அப்படியே மெதுவா லேபிளையும் அதுல அடிச்சுப் பழகிக்குங்க. இந்தக் கிழம் என்னிக்காவது ஒரு நாள் படுத்துக்கத்தான் போகுது. சரி, டிசைனையெல்லாம் வேற எங்கயாவது நகல் எடுத்து வச்சிருக்கீங்களா?”

என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரைக் கையால் காட்டினார்.

“எல்லாமே இந்த ஒரு டப்பாவுலதானா? நல்லாருக்கு போங்க! தள்ளி நில்லுங்க, தோள்மேல மூச்சு விடாதீங்க. முதல்ல நகல் எடுக்கறேன். ஒண்ணு கடையில இருக்கட்டும், ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்.”

ராஜ்ஜியத்திலிருந்து ராஜாவைத் துரத்தியாகிவிட்டது. என் பக்கம் வந்தால் மாவைக் கெடுத்துவிடுவார் என்று நான் ஒரு பார்வை பார்த்தேன். வேறு வழியில்லாமல் போய்க் கல்லாவில் நின்றார். கல்லா எப்போதும் என்னுடையது. நான் நின்றால் வருகிறவர்கள் வேண்டியதைச் சொல்லி வாங்கிக்கொண்டு சட்டென்று கிளம்பிவிடுவார்கள். என் முகராசி அப்படி.

திரும்பி வந்த கூடைகள் வாசலை அடைத்துக்கொண்டிருந்தன. பன் வாங்க வந்த ஒருவர் லேபிளைப் பார்த்துவிட்டு, “என்ன சார், போன வருஷத்து ரொட்டியெல்லாம் கடை பரப்பி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

போச்சு, கடையின் மானம் கப்பல் ஏறியது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் ஏதாவது மழுப்புவார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். மழுப்பவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னார். அறிவிப்பு வந்தது, வருஷத்தைக் குறைத்தது, மேடம் ரொட்டியை அமுக்கியது, எல்லாம். “அந்தச் சூடுதாம்மா எனக்கு இன்னும் பயமா இருக்கு” என்கிற இடம் வந்ததும் கேட்டவர் கல்லாவைத் தட்டிச் சிரித்தார். இவர் அவர் கண்ணெதிரிலேயே லேபிளைக் கிழித்துவிட்டு ரொட்டியைக் கையில் கொடுத்தார். “இன்னிக்குச் சுட்டது சார். கதை கேட்டதுக்குக் கூலி, வச்சுக்குங்க.”

அடுத்தவருக்கு இரண்டாம் தடவை சொன்னார். மூன்றாம் தடவை மேடத்தின் குரலே வந்துவிட்டது. நாலாம் தடவை கண்ணாடியைக் கழற்றுவதுபோல் நடித்தார், அவருக்குக் கண்ணாடியே கிடையாது. நான் உள்ளே மாவை உருட்டுகிறேன், வெளியே சிரிப்புச் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. எட்டிப் பார்த்தால் வாசலில் கூட்டம். ஓசி ரொட்டிக்கு வந்தவர்கள் பன்னும் ரஸ்கும் வாங்கிக்கொண்டார்கள், வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்கள். மாவு இத்தனை வருஷமாக இந்த மனிதரிடம் ஏன் எழுந்திருக்கவில்லை என்று இப்போது தெரிந்தது. இவர் ஜனங்களோடு இருக்க வேண்டிய ஆள், நான் கொண்டுபோய் மூலையில் உட்கார வைத்திருக்கிறேன்.

“உங்க வீட்டுக்காரர் பேசுவாரா?” என்றார் ரிப்பேரக்கா, திரையை விட்டுத் தலையைத் தூக்கி.

“எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்க்கா.”

சாயங்காலம் புது ரொட்டி ஆறியதும் அவர் முதல் லேபிளை அடித்து என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். “வருஷத்தைப் படி.” படித்தேன். “இன்னொரு தடவை படி.” படித்தேன். அதன் பிறகுதான் மற்றதெல்லாம் அடித்தார்.

ஸ்டோர் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதி, மாதம், வருஷம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். ரொட்டியை அமுக்கிப் பார்த்தார். “சரி. நாளைக்கும் அனுப்புங்க,” என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினோம், பின்னாலிருந்து குரல் வந்தது.

“அந்த ஒரு வயசு ரொட்டி ஏதாவது மிச்சம் இருக்கா? வீட்டுல சொன்னா நம்ப மாட்டாங்க.”

என் வீட்டுக்காரர் பைக்குள் கைவிட்டு, லேபிள் கிழிக்காத ஒரு ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். கேட்பார் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

திரும்பும் வழியில் நான் சொன்னேன்: “நாளையிலேர்ந்து கல்லா உங்களுது.”

“சும்மா சமாதானத்துக்குச் சொல்றியா?”

“எனக்குச் சமாதானம் பேசத் தெரியும்னு யாரு சொன்னது? இங்க பாருங்க. அந்தக் கம்ப்யூட்டர் இருந்தா இருக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும். நீங்க இல்லைன்னா எனக்கு அந்தக் கடையே வேண்டாம். இனிமே இதையெல்லாம் ஸ்டோர் மேடத்துக்கிட்டப் போய்க் கேட்காதீங்க, என்கிட்டக் கேளுங்க.”

அவர் என் கையில் இருந்த காலிக் கூடையை வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காததுபோல் நடந்தேன்.

பிறகு லேப்டாப்பில் லேபிள் அடிக்கப் பழகிவிட்டார். காலையில் முதல் லேபிள் வந்ததும் வருஷத்தை உரக்கப் படிப்பார். நான் அடுப்படியிலிருந்து “சரி” என்பேன். எங்கள் தெருவில் யாருக்கும் காலண்டர் தேவைப்படுவதில்லை. பழைய கம்ப்யூட்டர்மேல் உள்ள பாசத்தால் அதையும் மூலையில் ஓடவிட்டிருந்தார். வந்ததும் என் பிரஷ்ஷால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கல்லாவுக்குப் போவார்.

போன வாரம் ஒரு நாள், அவர் அப்படித் தட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அது நிஜமாகவே நின்றுபோனது. நான்தான் முதலில் பார்த்தேன். திரை கறுத்திருந்தது, பொத்தானை அமுக்கினேன், அசையவில்லை. இதை எப்படி இவரிடம் சொல்வதென்று பயமாக இருந்தது. கல்லாவைப் பார்த்தேன். யாரோ புதியவர் ஒருவரை நிறுத்திவைத்து, இல்லாத கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். சரி, அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டு மாவைப் பிசைந்தேன். மதியம் கடை ஓயும் வரைக்கும் அவர் அந்த மூலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.