எட்டு அங்குலத் திரை

நாகஜோதி மறுபடியும் சிரித்தாள். வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. உதட்டுக்குள்ளேயே அடக்கி, மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை விட்டு, பிறகு கீழுதட்டைக் கடித்துக்கொள்கிற சிரிப்பு. வீட்டை ஒட்டிய திராட்சைப் பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் குட்டி லேப்டாப். தங்கப்பாண்டிக்குத் தாகமே இல்லை. ஆனாலும் நாற்காலிக்குப் பின்னால் இருந்த குடத்தைத் தேடி வந்து, சொம்பில் மொண்டு, அண்ணாந்து குடிக்கிற சாக்கில் கண்ணை மட்டும் கீழே இறக்கி மனைவியின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். அண்ணாந்துகொண்டே கீழே பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் மூக்கில் ஏறி இருமல் வந்ததுதான் மிச்சம்.

"மெதுவாக் குடிங்க. யாரு வெரட்டுறா?" என்றாள், திரும்பாமலே.

திரையில் எழுத்து இருந்தது, அது மட்டும் தெரிந்தது. சர்க்கரை டப்பாவைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி பொடிப்பொடியாக, வரிவரியாக. என்ன எழுத்து, யார் எழுதியது, எதற்குச் சிரித்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குனிந்து பந்தலுக்குள் போனான். வயிறு எரிந்தது. காலையில் சாப்பிட்ட பழையது அதற்குக் காரணம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. பொறாமை என்று அதற்குப் பெயர் இருப்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

நாகஜோதி குமுளியில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தார். பள்ளிக்கூடமெல்லாம் மலையாளத்தில். கல்யாணமாகிச் சுருளிப்பட்டிக்கு வந்து இத்தனை வருஷத்தில் அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. போன வருஷம்தான் கொச்சியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மலையாள சீரியலுக்குக் கீழே ஓடுகிற தமிழ் வசனத்தை வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்து வேலை சொல்கிறவன் ஆண்டனி ராஜ். இந்தப் பக்கத்து ஆள்தான். குடும்பம் கேரளத்தில் கட்டப்பனையில் குடியேறிவிட்டதால் அவனும் அங்கேயே படித்து வளர்ந்தவன்.

லேப்டாப்பும் அவன் கொடுத்ததுதான். கம்பெனி கொடுத்தது என்றால் பொறுத்துக்கொள்ளலாம், அவன் சொந்தமாக உபயோகித்துவிட்டுக் கொடுத்தது. மாதா கோவில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன், தானே கொண்டுவந்து பந்தலடியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். டிபன் பாக்ஸ் மூடி அளவுதான் இருந்தது. திரை எட்டு அங்குலம். பஸ்ஸில் போகும்போதுகூடக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்றான். தங்கப்பாண்டியை "அண்ணே" என்றான், அவளை "ஜோதி" என்றான். வீட்டில் எல்லாருக்கும் அவள் நாகு. அந்தப் பெயரை இப்படி இன்னொரு பக்கமாகவும் வெட்டலாம் என்பது தங்கப்பாண்டிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் விரல் பட்டுத் தேய்ந்த பட்டன்களின் மேல் இப்போது இவள் விரல் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்தவன் சட்டையை அவள் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் எழுதிப் பேசிக்கொள்ள அந்தப் பெட்டிக்குள்ளேயே ஏற்பாடு இருந்தது. அதில்தான் இந்தச் சிரிப்பெல்லாம். கேட்டால், "வேலை விசயம்ங்க" என்பாள். வேலையில் சிரிக்க என்ன இருக்கிறது? இவனும்தான் வேலை பார்க்கிறான். திராட்சைக் கொடியைக் கழித்துக் காவாத்து வெட்டும்போது ஒரு நாளாவது இவன் சிரித்ததுண்டா?

இதில் பெரிய கொடுமை, அவள் அதைப் பூட்டி வைப்பதில்லை. மூடியைத் திறந்தால் திறந்துகொள்ளும். பூட்டியிருந்தால் சண்டை போடவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒருமுறை திறந்தும் பார்த்தான். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எழுத்தெல்லாம் கலங்கிக் கஞ்சியாகிவிட்டது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் தெளிந்தது, ஆனால் என்ன எழுத்தென்றே தெரியாதபடி பொடியாகிவிட்டது. நாற்பத்தைந்து தாண்டியதுமே வெள்ளெழுத்து வந்துவிட்டது அவனுக்கு. கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்கள் என்று போடவில்லை. ஆண்டனி ராஜ் கண்ணாடி போடவில்லை என்பது இப்போது கூடுதல் காரணம். மகள் யுவராணி மதுரையில் காலேஜில் படிக்கிறாள், அவளைக் கேட்டால் நொடியில் சொல்லிவிடுவாள். ஆனால் பெற்ற மகளிடம் எதைச் சொல்லிக் கேட்பது? இவனிடம் இருந்ததோ பட்டன் போன். படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கிற வழியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி தேவதானப்பட்டிக்குக் காதுகுத்துக்குக் கிளம்பினாள். மொய் கவரையும் மாற்றுச் சேலையையும் கைப்பையில் திணித்ததில் லேப்டாப்புக்கு இடமில்லாமல் போனது. சார்ஜில் போட்டுவிட்டுப் போனாள். பஸ் கண்ணை மறைத்ததும் தங்கப்பாண்டி அதைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பம் போய் இறங்கினான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுந்தர்ராஜ் என்பவன் செல்போனும் லேப்டாப்பும் பழுது பார்க்கிறான். முகம் தெரிந்த பழக்கம்தான். "மச்சினன் லேப்டாப்புய்யா. எழுத்து பொடிசா இருக்குன்னு சொல்றான். கொஞ்சம் பெருசாக்கித் தரணும்," என்றான் தங்கப்பாண்டி. பொய் தடங்கலில்லாமல் வந்தது அவனுக்கே ஆச்சரியம்.

சுந்தர்ராஜ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்றான். "அண்ணே, பெரிய டிவியில இருக்க வேண்டிய வெளிச்சப் புள்ளியப் பூராம் இந்தா, இம்புட்டுக்குள்ள அமுக்கி வச்சிருக்கான். பொடிசா இல்லாம வேற எப்பிடி இருக்கும்? ஆனா நல்ல ஸ்கிரீனு. சின்ன வயசுக்காரக வச்சுக்கிற சாமான்."

சின்ன வயசுக்காரர்கள். அதையும் தங்கப்பாண்டி மனசில் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

முதலில் சுந்தர்ராஜ் புள்ளியைக் குறைத்துப் பார்த்தான். எழுத்து பெரிதாகத்தான் ஆனது, ஆனால் மழையில் நனைந்த பேப்பர் மாதிரி ஓரமெல்லாம் ஊறி நின்றது. "இது சரிப்படாது. புள்ளியக் கொறச்சா தெளிவு போயிரும். புள்ளி அம்புட்டையும் அப்பிடியே விட்டுட்டு, ஒரு எழுத்துக்கு நெறையப் புள்ளியக் குடுக்கச் சொல்லணும்," என்று எங்கெங்கோ போய் எதையோ அமுக்கினான். திரை ஒரு கணம் இருண்டு திரும்ப வந்தது. தங்கப்பாண்டி எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு எழுத்தும் கத்தரித்து ஒட்டினாற்போல், கறுப்பாக, கூர்மையாக, பஸ் போர்டு மாதிரி நின்றது. கண்ணாடி இல்லாமலே சுழி, வளைவு எல்லாம் தெரிந்தது. ஆனால் ஒரு எழுத்தையும் வாசிக்க முடியவில்லை.

"மலையாளம்லண்ணே இது," என்றான் சுந்தர்ராஜ்.

தமிழ் வசனம் எழுதுகிறவள் தமிழில்தான் பேசுவாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். அவள் படித்தது மலையாளம், ஆண்டனி ராஜ் படித்ததும் மலையாளம், இரண்டு பேரும் வேறு எதில் எழுதிக்கொள்வார்கள்? இது ஏன் தன் புத்திக்கு எட்டவில்லை என்று தங்கப்பாண்டிக்கு ஆத்திரமாக வந்தது. குமுளி வியாபாரிகளோடு நாலு வார்த்தை மலையாளம் பேசுவான். எழுத்தில் ஆனா ஆவன்னாகூடத் தெரியாது.

"நான் கட்டப்பனையில கொஞ்ச நாளு கடை வச்சிருந்தேன். நல்லா வாசிப்பேன். என்னமோ ரெண்டு பேரு பேசிக்கிற மாதிரியில இருக்கு. பாத்துச் சொல்லவா?" சுந்தர்ராஜ் கேட்டுக்கொண்டே திரையை நோக்கிக் குனிந்தான். கண் இடமிருந்து வலமாக ஓடியது. அவன் வாயோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் ஒருவன். இப்போது இவனும். இவன் வாசித்துவிட்டால் அவள் எழுதியது கடைக்காரனுக்குத் தெரியும், ஆண்டனி ராஜுக்குத் தெரியும், கட்டின புருஷனுக்கு மட்டும் இன்னொருத்தன் சொல்லித்தான் தெரிய வேண்டும். தங்கப்பாண்டி எட்டி மூடியைப் பட்டென்று சாத்தினான். சுந்தர்ராஜ் விரலை இழுத்துக்கொண்டான்.

"வேணாம்யா. அடுத்த வீட்டுச் சமாச்சாரம் நமக்கெதுக்கு?"

"நல்லா இருக்கே! நீங்கதானண்ணே கொண்டாந்தீக," என்றான் சுந்தர்ராஜ்.

சுருளிப்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற வழியெல்லாம் அந்த வாயோரச் சிரிப்புத்தான். எதைப் படித்துச் சிரித்திருப்பான்? நல்லதைப் படித்தாலும் சிரிப்பு வரும், அசிங்கத்தைப் படித்தாலும் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்து லேப்டாப்பை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே, ஒயரைச் சொருகி வைத்தான். அப்போதுதான் எழுத்தைத் திரும்பச் சின்னதாக்கச் சொல்லாமல் வந்தது உறைத்தது. திறந்து அங்கே இங்கே தடவிப் பார்த்தான். ஏதேதோ கட்டங்கள் வந்து ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டன. பயந்துபோய் மூடிவிட்டான்.

நாகஜோதி சாயங்காலம் வந்தாள். தலையில் காதுகுத்து வீட்டு மல்லிகைப்பூ இருந்தது. தாம்பூலப் பையை வைத்துவிட்டு, முகம் கழுவி, லேப்டாப்பைத் திறந்தாள். தங்கப்பாண்டி வாசல் பக்கம் உட்கார்ந்து, அறுந்த செருப்பைத் தைக்கிற பாவனையில் இருந்தான்.

"இதத் தொட்டீகளா?"

ஊசியை இழுத்தான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் எழுத்து அவ்வளவு பெரிதாக நின்றுகொண்டிருக்கும்போது எப்படி இல்லை என்பது? "ஆமா" என்றான்.

"எதுக்கு?"

"என்னத்தச் சிரிக்கிறேன்னு பாக்கத்தான்."

திட்டுவாள் என்று நினைத்தான். அழுவாள் என்றும் நினைத்தான். இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. அவளோ நாற்காலியை இழுத்து இவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மல்லிகைப்பூ வாசம் வந்தது.

"கேட்டிருந்தா நானே வாசிச்சுச் சொல்லிருப்பேன்ல?"

"நீ நெசமாத்தான் வாசிக்கிறேன்னு எனக்கெப்பிடித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. கொட்டிய வார்த்தையை அள்ள முடியாது. நாகஜோதி லேப்டாப்பை இருவருக்கும் நடுவில், அவன் பக்கமாகவே கொஞ்சம் திருப்பி வைத்தாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாதிரி சுட்டுவிரலை வரிக்குக் கீழே வைத்து, முதலில் மலையாளத்தில் வாசித்தாள், பிறகு தமிழில் சொன்னாள்.

"இது அவரு கேட்டது. சீரியல்ல புருசன் கோவிச்சுக்கிட்டுப் போறான், உங்க ஊருல கோவம் வந்தா ஆம்பளைக என்ன செய்வாகன்னு கேக்குறாரு." விரல் இறங்கியது. "இது நான் எழுதுனது. எங்க வீட்டுக்காரரு கோவம் வந்தா ஒண்ணும் பேச மாட்டாரு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் பந்தலுக்குள்ள போயிருவாரு. பந்தல் உசரம் கம்மி, அவுக நெட்டை. கோவமாப் போறவுக குனிஞ்சுக்கிட்டே போறதப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துரும்னு எழுதிருக்கேன்."

"என்னய வச்சா சிரிச்சீக?"

"ஆமா," என்றாள்.

சுருக்கென்றுதான் இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமான ஒரு நிம்மதியும் வந்தது. அங்கேயும் தான் இருக்கிறோம். கேலிக்காவது இருக்கிறோம். ஆனால் அவன் குனிந்து போவதை இத்தனை வருஷமாகப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், அதை அவனிடம் சொன்னதில்லை. ஆண்டனி ராஜ் ஒரு கேள்வி கேட்டான், சொல்லிவிட்டாள். இவன் அவளை என்ன கேட்டிருக்கிறான்? பூச்சி மருந்து பாட்டிலில் எத்தனை மில்லி போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறான்.

"வாசி," என்றான், குரல் இறங்கி.

"அதுக்கு அவரு சிரிச்சிருக்காரு. இந்தா, இதெல்லாம் சிரிப்புப் பொம்மை." விரல் இறங்கியது. "இது நான். சும்மா சிரிக்காதீக, தமிழ்ல இத எப்பிடி எழுதுறதுன்னு சொல்லுங்கன்னு கேட்டிருக்கேன்." விரல் மறுபடி இறங்கியது. அது ஆண்டனி ராஜ் எழுதின வரி. சின்ன வரிதான், திரையில் பாதிகூட வரவில்லை. விரல் அதன் கீழே வந்து நின்றது. நாகஜோதி மூச்சை இழுத்தாள். பிறகு விரல் அதைத் தாண்டி அதற்கு அடுத்த வரிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

"இது நாளைக்கு அனுப்ப வேண்டிய எபிசோடு பத்தி," என்றாள், குரல் மாறாமல்.

எழுத்து பழையபடி எறும்பாக இருந்திருந்தால் விரல் தாவியதே அவனுக்குத் தெரிந்திருக்காது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சத்தையும் அவள் வாசித்தாள், அவன் உம் கொட்டினான். முடித்துவிட்டு, "போதுமா?" என்றாள். "போதும்" என்றான். அவள் எழுந்து, முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு, ராத்திரிக்குத் தோசையா உப்புமாவா என்று கேட்டபடி உள்ளே போனாள். லேப்டாப்பை மூடவில்லை, எழுத்தைச் சின்னதாக்கவும் இல்லை.

தங்கப்பாண்டி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். அடுப்பங்கரையில் தோசைக்கல் வைக்கிற சத்தம் கேட்டது. ஆள் தொடாததால் திரை மெல்ல மங்கத் தொடங்கியது. அவன் விரலை நீட்டி ஒரு பட்டனைத் தொட்டான். வெளிச்சம் திரும்ப வந்தது. அந்தப் பாதி வரி அங்கேயேதான் இருந்தது, ஒவ்வொரு சுழியும் தெளிவாக. பார்த்துக்கொண்டே இருந்தான். மறுபடி மங்கியது. மறுபடி தொட்டான்.