எதுவும் ஒட்டாத லேபிள்

லேபிள் விழுந்தால் ஒட்டினவனைத்தானே கேட்கணும்? அந்த ஆயில் கம்பெனியில் ஸ்டோர்காரரைக் கேட்டார்கள். பீப்பாயில் ஒட்டிய காகிதம் எண்ணெயில் ஊறிக் கழன்று தரையில் கிடக்கும். கியர் ஆயில் எது, ஹைட்ராலிக் ஆயில் எது என்று தெரியாமல் பாவம், ரெண்டு தடவை மாற்றி அனுப்பிவிட்டார். ரெண்டு மெமோ வந்தது. மூணாவது வந்தால் வேலை போச்சு. மகளுக்குக் காலேஜ் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அன்றிலிருந்து மனுஷன் விரலில் தொட்டு, கெட்டியாக இருந்தால் கியர், தண்ணியாக இருந்தால் ஹைட்ராலிக் என்று பிசுக்கைப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

நின்று உழைக்கிற லேபிளாகத் தேர்ந்தெடுக்க மானேஜர் தலைமையில் ஐந்து பேர் கமிட்டி போட்டார்கள். ஒருத்தராவது பீப்பாயைத் தொட்டிருப்பாரா? சட்டை பாழாகிவிடாதா!

லேபிள் விற்க வந்தவர் வாயாலேயே வடை சுட்டார். ஒரு பிளாஸ்டிக் லேபிளை டீசலில் முக்கினார், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்.

"எண்ணெய், அழுக்கு, பசை, எதுவுமே இதுமேல ஒட்டாது சார். ஒருதரம் ஒட்டினா ஜென்மத்துக்கும் வராது."

மானேஜர் நகத்தால் பிய்த்துப் பார்த்தார். நகம்தான் போச்சு. கமிட்டி கைதட்டியது.

வாசலில் நின்ற ஸ்டோர்காரர் தயங்கிக் கேட்டார். "சார், எடுக்கணும்னா எப்படி எடுக்கிறது?"

"யோவ், எடுக்கவா காசு கொடுத்து வாங்கறோம்?" என்றார் மானேஜர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலிப் பீப்பாய் திரும்பி வந்தால் கழுவி, அன்றைக்கு எந்த எண்ணெய் இருக்கோ அதை ஊற்றிவிடுவார்கள். மூணு மாசத்தில், புது லேபிள் ஒட்டிய கியர் ஆயில் பீப்பாய் அறுபது திரும்பி வந்தது. ஹைட்ராலிக் ஆயிலை நிரப்பினார்கள். பழைய லேபிள் அசையவில்லை. அதன் மேலேயே புதுசை ஒட்டினார்கள். அதான் எதுவுமே ஒட்டாதே! சாயங்காலத்துக்குள் புதுசெல்லாம் தரையில் கிடந்தது.

மறுநாள் காலை பேப்பர் மில் லாரி கியர் ஆயில் ஏற்ற வந்தது. ஸ்டோர்காரர் ஒரு மூடியைத் திறந்து விரலை விட்டார். தண்ணி மாதிரி ஓடியது. ஏற்றினால் மில்லில் மெஷின் போகும், ஏற்றாவிட்டால் வேலை போகும். அத்தனை மூடியையும் திறந்து பார்க்கிறவரை லாரி நிற்காது. திருப்பி அனுப்பிவிட்டார்.

கமிட்டி அவசரமாகக் கூடி மூணாவது மெமோவை எழுதியது: லேபிள் கமிட்டி தேர்ந்தெடுத்தது, ஆகவே சரி. எண்ணெய்தான் லேபிளுக்குப் பொருந்தவில்லை. எண்ணெய்க்கு ஸ்டோரே பொறுப்பு.

கமிட்டி மேஜை முன்னால் நின்று படித்ததும் ஸ்டோர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு மெமோவுக்கு வராத கோபம்!

"வாங்கிக்கிறேன் சார். நான் போறேன். அந்த அறுபதோட நிஜமான கியர் ஆயிலும் சேர்ந்து நிக்குது. எதுல என்ன இருக்குன்னு, அடுத்த லாரி வந்தா உங்கள்ல யாரு சொல்லுவீங்க?"

ஐந்து பேரும் ஜன்னல் வழியாக ஸ்டோரைப் பார்த்தார்கள். இருந்த பீப்பாய் அத்தனையும், ஒரு எழுத்துகூட அழியாமல், கியர் ஆயில் என்றே சொன்னது.

மானேஜர் மெமோவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உட்காருங்கண்ணே," என்றார்.