ஏழு உரையும் ஒரு நன்றியும்

எங்கள் ஊரில் பெண்கள் கதைப்போம், ஆண்கள் உரையாற்றுவார்கள். அதிலும் ஒருவர் ஆற்றும் உரையின் பெயரை இன்னொருவர் தொடமாட்டார். கல்பிட்டிப் பக்கத்தில் எங்கள் கருவாட்டுப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளராக வந்த பிறகுதான் இது எனக்கு முழுதாக விளங்கியது.

எங்களுக்கு வேண்டியது தண்ணீர் மட்டுந்தான். மீனைப் பிளந்து கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், மீன் காயவைக்கும் வாடியைச் சுற்றியுள்ள கிணறுகளோ எல்லாம் உவர். நாற்பது பெண்கள் வாளியும் கேனுமாகப் பள்ளிவாசல் குழாய்க்கு நடந்து நடந்து முழங்கால் தேய்ந்துபோனோம். தண்ணீர்த் தாங்கி கட்டித் தரத் திட்டப் பணிப்பாளர் முத்துலிங்கம் சேர் தயார். ஆனால் தாங்கி வைக்க ஜபார் ஹாஜியாரின் காணியில் ஒரு மூலை வேண்டும். குழாய் வருவதற்கு லாபிர் முதலாளியின் தென்னந்தோட்டத்தைக் கடக்க வேண்டும். இருவரும் "பாப்பம், பாப்பம்" என்றே இரண்டு வருட நோன்பைக் கடத்திவிட்டார்கள். மாதம் முடியுமுன் இவர்களுடைய சம்மதம் கிடைக்காவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று சேர் சொல்லிவிட்டார். அவர் எங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. அதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

நிகழ்ச்சி நிரலில் 'பெண்களின் கோரிக்கை, பத்து நிமிடம்' என்று எழுதினேன். சங்கத்தின் போஷகர் என்ற புரவலர் பதவியில் இருந்த ஹாஜியார் அதை வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன ஸக்கியா, ஊர்ப் பெரியாக்களுக்கு ஒண்டுமில்லையா?"

கோரிக்கை வெட்டுப்பட்டது. அந்த இடத்தில் வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, அறிமுகவுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று வரிசையாக ஏறின. தலைமையுரை ஹாஜியாருக்கு, வாழ்த்துரை லாபிருக்கு, சிறப்புரை சேருக்கு. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் அர்கம் மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மகளின் அகராதியை எடுத்து உரை என்ற சொல்லைத் தேடினேன். பேச்சு, மொழி, சொல், கூற்று, வாக்கு என்று அடுக்கியிருந்தது.

"மாஸ்டர், 'அர்கம் மாஸ்டர் கதைப்பார்' எண்டு போடவா?"

"கதைக்கவா? நான் என்ன சந்தையிலயா நிக்கிறன்?" என்று கொதித்தார். கடைசியில் 'சிந்தனையுரை' என்று ஒன்றை நானே உண்டாக்கிக் கொடுத்தேன். மனிதர் குளிர்ந்து போனார்.

"நன்றியுரைய நீங்க சொல்லுங்க" என்றார் ஹாஜியார் பெருந்தன்மையோடு. "ரெண்டு நிமிஷம் போதும். அதுக்குள்ள நாங்க சாப்பாட்டப் பாப்பம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஆனால் அகராதியில் கண்ட 'வாக்கு' என்ற அந்தக் கடைசிச் சொல் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

கூட்ட நாளன்று காலை பத்து மணிக்குத் தொடங்கிய உரைகள் பன்னிரண்டரை வரை ஓடின. ஹாஜியார், "இந்தப் பெண்களுக்காக என்ட உயிரையும் குடுப்பன்" என்று நெஞ்சில் தட்டினார். லாபிர் முதலாளி, "எப்ப, என்ன வேணுமெண்டாலும் இந்த லாபிர் இருக்கான்" என்று முழங்கினார். அர்கம் மாஸ்டர், பெண்களின் முன்னேற்றத்துக்குத் தன் பேனா என்றும் ஓயாது என்று முக்கால் மணிநேரம் சிந்தித்தார். தண்ணீர் என்ற சொல்லை ஒருவராவது சொல்ல வேண்டுமே! மேசையில் இருந்த போத்தல் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்து முடித்தார்கள். சேர் சிறப்புரையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு மணிக்கு அவருக்கு முந்தலில் வேறு கூட்டம்.

பிரியாணி வாசம் வரவும் பெரியவர்கள் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். பயந்துதான் போனேன்.

"முதல் நன்றி எங்கட ஜபார் ஹாஜியாருக்கு!"

ஹாஜியார் அப்படியே உட்கார்ந்தார். நன்றி வாங்கும்போது எழுந்து போகிற ஆண் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

"உயிரையே தாறன் எண்டாங்க. உயிர் வேணாம் ஹாஜியார், நீங்க நூறு வருஷம் இருக்கோணும். வாடிக்குப் பக்கத்துக் காணியில தாங்கி வைக்க ஒரு மூலையத் தந்தீங்களே, அதுக்கு நன்றி!"

நாற்பது பெண்களும் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திய சத்தத்தில் காகமெல்லாம் கூரையை விட்டுப் பறந்தது.

"அடுத்த நன்றி லாபிர் நானாவுக்கு. என்ன வேணுமெண்டாலும் எண்டாங்க. தோட்டத்துக்குள்ளால குழாய் போக வழி விட்டதுக்கு நன்றி! அர்கம் மாஸ்டருக்கும் நன்றி. சம்மதக் கடிதத்த ஓயாத அந்தப் பேனாவால இப்பவே எழுதித் தாறாங்க!"

லாபிர் முதலாளி வாயைத் திறந்தார். அவருடைய மனைவி சிபானா முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதும் மூடிக்கொண்டார். மாஸ்டர் பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். போக எழும்பியிருந்த முத்துலிங்கம் சேர் சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடி அமர்ந்தார்.

"கடிதம் வரட்டும்" என்றார். "வாங்கிக்கொண்டே போறன்."

பிரியாணி ஆறிப்போனது. கடிதத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன. மூன்றாம் மாதம் தாங்கியில் தண்ணீர் விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஹாஜியாரும் வந்து பார்த்தார். காணி கொடுத்தவர் என்று வெளியூர் ஆட்களிடம் இப்போது அவரே சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும், அதில் பொய் இல்லையே.

இந்த வருடக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலை அவரே எழுதிக்கொண்டு வந்தார்.

"நன்றியுரை இந்த முறை எனக்கு. நீங்க வரவேற்புரை சொல்லுங்க ஸக்கியா."

"ஓம் ஹாஜியார்."

படலை வரை போனவர் சந்தேகத்தோடு திரும்பி வந்தார்.

"ஆருக்கும் நன்றி கின்றி சொல்ல மாட்டீங்களே?"

"சீச்சீ, வரவேற்பு மட்டுந்தான். வந்த ஆக்கள வரவேற்பன். பிறகு, நீங்களும் லாபிர் நானாவும் தரப்போற ஐஸ் பெட்டியயும் சேத்து வரவேற்பன்."