ஆறு துளையும் காலி

அழகுமுத்துவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் நாள். அது சனிக்கிழமை. மற்ற நாட்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் தரை மெழுகுவதிலும் துரையின் கால் சப்பாத்து துடைப்பதிலும் போய்விடும், அவற்றை அவன் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பங்களாவின் பின்பக்க விறாந்தையில், துரையின் கைத்துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க உட்காருவான். துப்பாக்கி மேல் அவனுக்கு அப்படி என்ன ஆசை? ஒரு மண்ணும் இல்லை. அந்த வேலைக்குப் பூரணியும் வந்து நிற்க வேண்டும் என்பது துரை போட்ட சட்டம். சங்கதி அவ்வளவுதான்.

சட்டம் வந்தது இப்படி. பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் ஒரு புத்திசாலி, உள்ளே தோட்டா இல்லை என்று தானாகவே முடிவுகட்டி, விசையை இழுத்துப் பார்த்தான். அந்த வீட்டுத் துரைசாணியின் அலமாரியில் ஓட்டை விழுந்தது. உள்ளே தொங்கிய ஏழு கவுனிலும் ஓட்டை. அன்றைக்கே நம்முடைய துரை சொல்லிவிட்டார்: துப்பாக்கியில் கை வைப்பதற்கு முன் இரண்டு பேர் கண் பார்க்க வேண்டும். ஒருவர் திறக்க வேண்டும், இன்னொருவர் தோட்டா போடும் துளைகளைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குசினிச் சமையல்காரர் செல்லசாமியைக் கேட்டதற்கு, "எனக்குக் கோழி உரிக்கத்தான் தெரியுங்க தொர," என்று கையை விரித்துவிட்டார். மிச்சம் இருந்தது ஆயா பூரணி.

பூரணி துரையின் மகளை வளர்க்க வந்தவள். அந்தப் பெண் நுவரெலியாவில் போர்டிங்குக்குப் போன பிறகும், தையல் வேலை, இஸ்திரி வேலை என்று பங்களாவிலேயே தங்கிவிட்டாள். முப்பது வயது. புருஷன் மண்சரிவில் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அழகுமுத்துவுக்கு முப்பத்தெட்டு. மூன்று தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவனுடைய கல்யாண வயது பஸ் ஏறிப் போயிருந்தது.

வேலைக்கு ஒரு முறை உண்டு. குழல் வாய் எப்போதும் விறாந்தைக்கு எதிரே உள்ள மண்மேட்டைத்தான் பார்த்திருக்க வேண்டும். விரல் விசைப் பக்கமே போகக்கூடாது. அழகுமுத்து பூட்டைக் கட்டைவிரலால் அழுத்துவான். துப்பாக்கி நடுவில் மடிந்து, ஆறு தோட்டாவும் மேலே எழும்பி வரும். அவற்றை ஒரு பீரிசுத் தட்டில் போடுவான். பூரணி அந்தப் பீரிசை எடுத்துப்போய் விறாந்தையின் அந்தக் கோடியில் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வருவாள், தோட்டாவும் துப்பாக்கியும் ஒரே மேசையில் இருக்கலாகாது. பிறகு குனிந்து, உருளையில் உள்ள ஆறு துளைகளையும் வெளிச்சத்துக்கு நேரே ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கடைசியில், "காலி" என்பாள்.

"சரி" என்பான் அவன். அதற்குப் பிறகுதான் உருளையைக் கழற்றுவதும், கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பதும், எண்ணெய் தொடுவதும்.

அவள் குனிகிற நேரம் இருக்கிறதே, அதற்குத்தான் அவன் வாரம் முழுக்கக் காத்திருந்தான். தேங்காயெண்ணெய் வாசனையும் இஸ்திரித் துணியின் சூடும் அவன் கைக்கு அருகே வந்து போகும். நாலு வருஷமாக அந்த வாசனைக்கு ஏங்கி ஏங்கி ஆள் பாதியாகிவிட்டான். பத்து நிமிஷ வேலையை முக்கால் மணி நேரம் இழுப்பான். இல்லாத துருவைத் தேடித் தேய்ப்பான். அவளும், போகலாம்தான், போகமாட்டாள். தூணில் சாய்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள்.

செல்லசாமிக்கு இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் வந்துவிட்டது. "அவ என்னைய அண்ணேங்குறா, தோட்டக்காரன அண்ணேங்குறா, பால்காரன அண்ணேங்குறா. ஒன்னைய ஒரு நாளாவது அண்ணேன்னு கூப்புட்டிருக்காளா? மண்டையில என்னாடா வச்சிருக்க, தவிடா? துப்பாக்கிதான் தேஞ்சு போச்சு. நீ வாயத் தொறக்க மாட்டேங்குற!"

திறக்கத்தான் நினைத்தான். சொல்ல வேண்டிய வார்த்தை தயாராகவே இருந்தது: "என் கூட வந்து இருந்துர்றியா பூரணி?" ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பான். வார்த்தை அழகாக வரும். மறுநாள் அவள் எதிரே நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஐம்பத்தேழாம் வருஷம் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்கே திரும்பிப் போவதென்று முடிவானது. வியாழக்கிழமை பயணம். அதற்கு முன் துப்பாக்கியைத் துடைத்துப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். ஆக, அந்தச் சனிக்கிழமைதான் கடைசிச் சனிக்கிழமை. இன்றைக்குக் கேட்காவிட்டால் நான் மனிதனே இல்லை என்று அழகுமுத்து சத்தியம் செய்துகொண்டுதான் உட்கார்ந்தான்.

பூட்டை அழுத்தினான். தோட்டா பீரிசுக்குப் போனது. பூரணி வழக்கத்தைவிட நிதானமாகக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து, துப்பாக்கியை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"காலிங்க," என்றாள்.

அவன் மனசுக்குள் தான் கேட்க வேண்டிய வார்த்தையை உருட்டிக்கொண்டிருந்தான். "சரி," என்றான்.

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "காலிதான்னு முடிவாயிருச்சுங்க."

"நல்லதாப் போச்சு புள்ள."

"நல்லதுங்களா?"

"பின்னே? இனிமே பயமில்லாம வேலையப் பாக்கலாம்ல," என்று சொல்லி, உருளையைக் கழற்றத் தலையைக் குனிந்துகொண்டான். சொல்ல வேண்டியதை, முகத்தைப் பார்க்காமல், துடைத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது அவன் போட்ட திட்டம்.

"அப்பச் சரிங்க," என்றாள் அவள். அவன் தலை நிமிர்ந்தபோது தூணருகே யாரும் இல்லை.

ஞாயிறும் திங்களும் பெட்டி கட்டும் வேலையில் போயின. பூரணி அவன் கண்ணில் படவே இல்லை. எல்லாரும் வியாழன் வரைக்கும் இருப்பார்கள்தானே, புதன்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று வேறு அவன் தள்ளிப்போட்டு வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை குசினியில் தேத்தண்ணீர் வாங்கப் போனவனிடம் செல்லசாமி சொன்னார். "அந்தப் புள்ளைய அனுப்பிட்டியே, பாவி!"

"எந்தப் புள்ளைய?"

"பூரணிய. காலிக்குப் போறா, இப்பத்தான் ஸ்டேசனுக்கு எறங்குனா. நம்ம தொரசாணியோட கூட்டாளி ஊட்டுல ஆயா வேலை. வெள்ளிக்கிழமதான் முடிவாச்சாம். சனிக்கிழம ஒங்கிட்டச் சொன்னாளாமே. நீ நல்லதாப் போச்சுன்னியாம். அதச் சொல்லி இந்த அடுப்படியில நின்னு அழுதுட்டுப் போறா."

தெற்கே கடலோரத்தில் காலி என்று ஓர் ஊர் இருப்பது அழகுமுத்துவுக்குத் தெரியாததல்ல. நாலு வருஷமாக அந்தச் சொல்லுக்குத் துப்பாக்கித் துளையைத் தவிர வேறு அர்த்தம் அவன் காதில் ஏறியதில்லை, அவ்வளவுதான். கையிலிருந்த கோப்பையை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் கொட்டகலை ஸ்டேஷனை நோக்கி ஓடினான். முள் கிழித்தது, அட்டை ஏறியது, நிற்கவில்லை.

ரயில் வந்து நின்றிருந்தது. மூன்றாவது வகுப்புப் பெட்டியில் ஜன்னலோரம் பூரணி உட்கார்ந்திருந்தாள், மடியில் துணி மூட்டை.

"நான் துப்பாக்கியச் சொன்னேன் பூரணி!" என்றான் மூச்சு வாங்க. "காலின்னா தோட்டா இல்லைங்குறன்னு நெனச்சேன். சாமி சத்தியமா ஊர்னு நெனைக்கல."

அவள் முதலில் விழித்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் நான் கெளம்பலீங்க," என்றாள். "நாலு வருஷமா அந்தத் தூணுகிட்ட நின்னேன். ஒரு பொத்தானையே அவுத்து அவுத்துத் தச்சேன். நீங்க துப்பாக்கியத்தான பாத்தீங்க?"

"ஒன்னையத்தான் பாத்தேன்."

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

கார்ட் விசில் ஊதினான். இந்த முறை அழகுமுத்துவின் நாக்கு ஒட்டவில்லை. "என் கூட வந்து இருந்துர்றியா?" என்று பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்திக் கேட்டான். நாலு வருஷத்து ஆசையும் அந்த ஒரு சத்தத்தில் வெளியே வந்தது.

வண்டி நகர்ந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இத சனிக்கிழம கேட்டிருந்தா இறங்க வேண்டியதே இல்ல, ஏறியே இருக்கமாட்டேன். இப்ப அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நான் வர்றேன்னு ஒரு புள்ளத்தாச்சி காத்துக்கிட்டு இருக்காங்க." அவன் கூடவே ஓடினான். அவள் தலையை வெளியே நீட்டினாள். "அங்க வந்து கேளுங்க! பின் விறாந்தையில வந்து நிக்காதீங்க. முன்வாசல்ல வந்து, எல்லாரும் இருக்கயில கேளுங்க!"

மேடை முடிந்துவிட்டது. ரயில் வளைவில் திரும்பி, பனிக்குள் போய் மறைந்தது. அழகுமுத்து காலில் வழிந்த ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் ஸ்டேஷன் மாஸ்டரிடம் நேராகப் போனான். காலிக்குப் போக, கொழும்புக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டான். அங்கே நின்ற பத்துப் பேருக்கும் கேட்கும்படி, சத்தமாகக் கேட்டான்.