அஞ்சாம் கிரீனில் பனி படியாத இடம்

என்னையத் தலைவராக்குங்கண்ணு நான் ஆருக்க வாசல்லயும் போய் நிக்கல்ல. மலையில வெள்ளக்காரத் தோட்டத் துரைமாருக்கு நாலு கிளப்பு, நாலு கோல்ப் மைதானம். அந்தப் புல்லைக் கட்டி மாரடிக்கிய மேஸ்திரிமாரு ஆறு பேரு சேந்து ஒரு சங்கம் வச்சோம். ஆறு பேருக்கு ஒரு சங்கமாண்ணு சிரிக்கவன் சிரிச்சுக்கிடட்டும். ஒருத்தனுக்க வேலை போனா மத்த அஞ்சு பேரும் மறுநாள் ரோலரைத் தொட மாட்டோம். எட்டு வருசமா நான் தலைவரு, ஒருத்தனுக்க சோத்திலயும் துரைமாரு மண்ணு போட முடியல்ல. அந்தத் திமிரு எனக்கு உண்டு, இல்லேண்ணு சொல்லல்ல.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றிப் பத்து, துரைமாரு கணக்கில ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தி நாலு. அருமனைக்கு மேல உள்ள கிளப்பில மேஸ்திரி சகாயம். அவனுக்கு ஊரு இனயம். கடக்கரைக்காரன் மலை ஏறினதுக்குக் காரணம் உண்டு. அஞ்சு வயசுப் பெண்பிள்ளை ரீத்தா காய்ச்சல்ல போயிட்டு. வீட்டு வாசல்ல நின்னா கல்லறைத் தோட்டம் தெரியும். அவனுக்க பெண்டாட்டி வியாகுலம்மாள் அதைப் பாத்துக்கிட்டே இருப்பா, சோறு உண்ண மாட்டா. அவளை அங்கேருந்து மாத்துகதுக்குத்தான் இந்த வேலையும் கிளப்பு குடுத்த வீடும்.

அந்த வருசத்து மழையில அவனுக்க அஞ்சாவது கிரீன் அழுகிப் போச்சு. கிரீன்னா, பந்து விழுகிய குழி இருக்குல்லா, அதைச் சுத்தி மழிச்ச மாதிரி வெட்டி வச்ச புல்லு வட்டம். ஜனவரிப் போட்டிக்குள்ள அது தேறல்லண்ணா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகணும்ணு செக்ரட்டரி துரை சொல்லிட்டாரு. சங்கம் வேலையை நிறுத்தினா நாலு கிளப்பிலயும் சொல்லி ஆறு பேரையும் மாத்துவேன்ணும் சொன்னாரு. பேச்சு அங்க முடிஞ்சு போச்சு, புல்லுதான் பேசணும்.

நான்தான் வழி சொன்னேன். “ஏலே சகாயம், கடக்கரை அருகம்புல்லு கொண்டு வா. உப்புக் காத்து குடிச்ச புல்லு குட்டையா, மெத்துண்ணு படியும்.” நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனவன் வண்டியில நாலு சாக்கு கொண்டு வந்தான். அண்ணைக்கு எல்லாரும் கல்லறையைச் செதுக்கித் துப்புரவாக்குவாங்க. செதுக்கின புல்லு வீணாத்தானே போகுதுண்ணு அள்ளிட்டு வந்திருக்கான். மூணே ஆழ்ச்சயில, இருபத்தியொரு நாளில, வட்டம் முழுக்கப் பிடிச்சுட்டு. இருபது வருசமாப் புல்லு நடுகேன், இப்பிடி ஓடின புல்லை நான் கண்டதில்ல. எனக்குப் பெரிய சந்தோசம்.

மேஸ்திரிக்குக் காலத்தே முதல் வேலை, நீள மூங்கில் கழியால கிரீனில உள்ள பனியைத் தட்டி விடுகது. துரைமாரு எழும்பி வருமுன்ன அது முடிஞ்சிரும். அதனால பனி விழுந்த கிரீனை எங்களைத் தவிர ஒருத்தரும் கண்டதில்ல. டிசம்பர் கடைசியில சகாயம் எனக்க மைதானத்துக்கு வந்து, “அண்ணே, ஒருக்க காலத்தே வந்து பாருங்க” என்னான். மொகத்தில ரத்தமில்ல.

மறுநாள் விடியும்போ போனேன். அஞ்சாவது கிரீன் பூரா வெள்ளையாப் பனி. நடுவில ஒரு இடம் மட்டும் நனையல்ல. அளந்து பாத்தேன், மூணே கால் அடி. ஒரு பக்கமாச் சரிஞ்சு, முட்டுக்காலை மடக்கிக் கிடக்கிய உருவம். கை வச்சேன். இளஞ்சூடா இருந்துது.

“முயலு படுத்திருக்கும்ல.”

“முயலுக்கு இம்புட்டு நீளமா அண்ணே?”

“ஆருக்க கல்லறைப் புல்லுலே இது?”

அவன் தலை நிமிரல்ல. “ஊரான் பிள்ளைக்க கல்லறையில கை வைக்கப்பிடாதுல்லா. நம்ம ரீத்தாவுக்குள்ளதும், சுத்தி உள்ளதும்தான் எடுத்தேன்.”

எனக்குப் பயம் வந்தா கோவமாத்தான் வெளிய வரும். வாயில வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லி அவனை ஏசினேன். அண்ணைக்கே மண்வெட்டி எடுத்து அதைக் கிளறியிருக்கணும். போட்டிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்துது, தலைவரு புத்தி முன்னால வந்து நின்னுட்டு. வெளுக்குமுன்ன தட்டி விட்டிரு, வியாகுலத்துக்கிட்ட மூச்சு விடாதேண்ணு சொல்லிட்டுப் போனேன்.

நாலே நாளில அவ கண்டுபிடிச்சிட்டா. சகாயம் கழியோட போகும்போ அவ அங்க படுத்துக் கிடக்கா, தலைமுடியெல்லாம் பனி. அது வரைக்கும் கிழக்கே பாத்துக் கிடந்த அந்த உருவம் அவ பக்கமாத் திரும்பிக் கிடந்துதாம். “இப்பம் அவ வயிறு நிறைய உண்ணுகா அண்ணே, நான் எப்பிடித் தடுக்க” என்னு எனக்கிட்ட அழுதான்.

போட்டி முடிஞ்சுது. அஞ்சாவது கிரீனில பந்து எண்ணெயில வழுக்கின மாதிரி ஓடிச்சு. செக்ரட்டரி துரை சகாயத்துக்கு வேலையை நிரந்தரமாக்கிக் கடுதாசி குடுத்தாரு. அதிலயே இன்னொண்ணும் இருந்துது. இந்தப் புல்லைப் பறிச்சு ஒம்பது கிரீனிலயும் நடணும்.

சகாயம் எனக்க ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். “அதை நட வேண்டாம்ணு சங்கம் ஒரு வாக்கு சொல்லட்டும் அண்ணே.”

துரைக்கிட்ட நான் என்ன காரணம் சொல்ல? பாடுபட்டு நிலைச்ச வேலைல்லா அது. “மக்கா, உனக்கு வீடு நிலைச்சுட்டு. அதைப் பாரு, நட்டிரு” என்னேன். சொன்னதோட விடல்ல. சங்கத்துக்க உதவியா இருக்கட்டும்ணு அஞ்சு பேரும் போனோம். அருகம்புல்லு அப்பிடித்தான் நடணும், கொடியைப் பறிச்சு, விரல் நீளத்துக்கு நறுக்கி, மண்ணில அமுக்கணும். நானும் உக்காந்து நறுக்கினேன். வியாகுலம்மாள் ஓரத்தில நின்னு பாத்தா.

மூணு ஆழ்ச்ச கழிச்சு விடியும்போ மனசு கேக்காம ஏறிப் போனேன். சகாயம் கழியைக் கீழ போட்டுட்டு மரத்தடியில குத்த வச்சிருந்தான். முதல் கிரீனில, பனிக்கு நடுவில, உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் நனையல்ல. அஞ்சு விரலும் தெரிஞ்சுது. மூணாவதில ஒரு பாதம். ஏழாவதுக்கு நான் போகப் பாத்தேன், சகாயம் எழும்பி வந்து வழியை மறிச்சான். “அங்க மொகம் கிடக்கு அண்ணே, போகாதீங்க.”

அப்பம் வியாகுலம்மாள் மேட்டில இருந்து ஓடி வந்தா. முந்தானை நனைஞ்சு காலில சுத்துது. ஒரு கிரீனில முட்டு குத்தி, அந்த இடத்தைத் தடவிக் குடுத்துட்டு, அடுத்ததுக்கு ஓடுகா. ஒம்பதும் சுத்த ரெண்டு மைல் வரும். வெயிலு எழும்பினா பனி போகும், பனி போனா எல்லாம் போகும். ஒரு நாளும் அவ ஒம்பதையும் எட்டினதில்லயாம்.

என்னையக் கண்டதும் நின்னா. மேல் மூச்சு வாங்கிச்சு.

“நீங்க தலைவருல்லா. எட்டாவதுக்கும் ஒம்பதாவதுக்கும் நான் இன்னும் போனதில்ல அண்ணே, அங்க கிடக்கது அழும். ஒரே ஒரு நாளைக்கு வெயிலு கொஞ்சம் பிந்தி வரட்டும்ணு உங்க சங்கத்தில இருந்து எழுதிச் சொல்லுங்களேன்.”

“எழுதுகேன் மக்கா” என்னேன்.